கட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்

தென்காசியில் ஜூனியராகச் சேர்ந்த புதிதில், "வக்கீலை மாத்தணும் சார்" என்று யாராவது படியேறி வந்தால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். புதுக் கட்சிக்காரர், புது ஃபீஸ். சீனியருக்கு அந்தச் சந்தோஷம் வந்து நான் பார்த்ததில்லை. அவர் முதலில் கேட்பது, "அடுத்த வாய்தா என்னைக்கு?"

பெரும்பாலும் தெரியாது. உடனே என்னைப் பார்ப்பார். நான் செல்போனில் இ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்து வழக்கு எண்ணைத் தட்டி, பழைய வாய்தாக்களை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். வழக்கு ஏன் இழுத்தது என்பது அங்கேதான் தெரியும். நீதிபதி விடுப்பு, கமிஷனர் அறிக்கை வரவில்லை, பிரதிவாதிக்குச் சம்மன் சார்வாகவில்லை. இதற்கெல்லாம் வக்கீலைக் குறைசொல்ல முடியாது என்பார். சம்மன் செலவான பேட்டாவைக் கட்டாமல் சம்மன் போகவில்லை என்றிருந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார். அது வக்கீல் ஆபீஸ் பார்க்க வேண்டிய வேலை.

இலஞ்சியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பாகப்பிரிவினை வழக்கு. "வாய்தா வாய்தான்னே சொல்லுதாரு. எதிராளிக்கு விலைபோயிட்டாருன்னு தோணுது" என்றார். வாசித்துப் பார்த்தால், வழக்கில் இருந்த தங்கை இறந்துபோயிருக்கிறார். வாரிசுகளைச் சேர்க்காமல் அவர் பங்கில் வழக்கு நகராது. "அண்ணாச்சி, இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் உங்க வக்கீல் கேட்டாரா?" பெரியவர் ஜன்னலைப் பார்த்தார். கேட்டிருக்கிறார். தங்கை பிள்ளைகளோடு பேச்சுவார்த்தை இல்லாததால் இவர் வாங்கித் தரவில்லை. காப்பி குடிக்க வைத்து, பழைய வக்கீலிடமே திருப்பி அனுப்பினார் சீனியர். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான் திரும்பிப் போனார்கள். வருமானத்துக்கு நல்லதல்ல என்று அப்போது நினைத்தேன். இப்போதும் கொஞ்சம் நினைக்கிறேன்.

குற்றாலத்து அம்மாவை அவர் திருப்பி அனுப்பவில்லை. ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் மெஸ் நடத்துகிறவர். சாரல் தொடங்கி, அருவிக்கு வரும் கூட்டம் இலை போடச் சொல்லி நிற்கிற நேரத்தில், சுவாதீனம் எடுக்க நீதிமன்ற அமீனா வந்து நின்றிருக்கிறார். வழக்கில் அவர் தரப்பில் யாரும் ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகி மாதக்கணக்கு ஆகியிருந்தது அதுவரை அவருக்குத் தெரியாது. வக்கீலிடம் கேட்டபோதெல்லாம் "நான் பார்த்துக்கிடுதேன்" என்று மட்டும் பதில். கையில் பிராது நகல் இல்லை, கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லை. வெற்றுத்தாளில் கையெழுத்து வேறு வாங்கியிருக்கிறார்கள்.

"வெள்ளைத் தாள்லயா?" என்று சீனியர் இரண்டு முறை கேட்டார். பிறகு என்னிடம், "தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, தீர்ப்பை ரத்து செய்ய ஒரு மனு, நிறைவேற்று மனுவுக்குத் தடை கேட்டு ஒண்ணு. எழுது" என்றார். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்ய 30 நாள்தான் கெடு. கெடு தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும்.

பழைய வக்கீல் வழக்குக் கட்டைத் தர மறுத்தார். பாக்கி ஃபீஸை வை என்றார். இந்த இடத்தில்தான் ஆர்.டி.சக்சேனா வழக்கைச் சீனியர் என்னைப் படிக்க வைத்தார். மத்தியப் பிரதேசக் கூட்டுறவு வங்கி ஒன்று தன் வக்கீலை நீக்கியது; 97,100 ரூபாய் பாக்கி என்று அவர் கட்டுகளைப் பிடித்துவைத்துக்கொண்டார். கட்டு அடகுச் சாமான் அல்ல, கேட்டால் கொடுத்தாக வேண்டும், மறுப்பது தொழில்முறைத் தவறு என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புது வக்கீல் ஆஜராகப் பழையவரின் சம்மதம் வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. அவர் தராவிட்டால் காரணத்தை எழுதி நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். கட்டே வராவிட்டாலும் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம்.

நகலில் அடங்காதது மூலப் பத்திரம். செங்கோட்டைப் பக்கத்துச் சொத்து என்றால் இன்னும் சிக்கல்: 1956 வரை அது திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்தது, பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். அதனால் கட்டைத் திரும்ப வாங்குகிறவர்களை எங்கள் மேஜையிலேயே ஒவ்வொரு தாளாக எண்ணச் சொல்வார் சீனியர்.

குறுக்கு விசாரணை பாதியில் நிற்கும்போது வக்கீலை மாற்ற வந்தால், சாட்சி முடியட்டும் என்பார். செலவுக்குத் தயங்குகிற பெண்களிடம் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் வட்ட சட்டப்பணிகள் குழுவைக் காட்டுவார். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு இலவச உதவி உண்டு, வருமானம் கேட்க மாட்டார்கள்.

எங்களை விட்டும் ஒருவர் போனார். சீனியர் மறுபேச்சில்லாமல் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பாக்கி ஃபீஸுக்கு என்ன செய்வது என்றேன்.

"தனியா வழக்குப் போடலாம். சட்டத்துல இடமிருக்கு."

"போட்டிருக்கீங்களா சார்?"

"கட்சிக்காரன் மேலேயே கேஸ் போட்ட வக்கீல்கிட்ட தென்காசியில எவன் வருவான்?" என்றபடி அடுத்த கட்டைப் பிரித்தார்.