சங்கரன்கோவிலில் ஒரு கோடைப் பந்தி

சித்திரை பிறந்துவிட்டால் உபாத்தியாயர்களுக்குச் சொர்க்கவாசல் திறந்துவிடுகிறது என்று உலகம் நினைக்கிறது. கையில் காசுள்ளவர்கள் கோடைக்கானலுக்கும் உதகைக்கும் போகிறார்கள். பொறுமையுள்ளவர்கள் ஆனி மாதம் வரையில் காத்திருந்து குற்றாலத்துக்குப் போகிறார்கள். இந்த இரண்டு வகையிலும் சேராத நாம், அக்கினி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த சமயத்தில் சங்கரன்கோவிலில் போய் இறங்கினோம் என்றால், நேயர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு மேலே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நம்மை அழைத்தவர் அவ்வூரில் ஆசிரியராக இருக்கும் பழைய நண்பர்; கலாசாலையில் நம்முடன் வாசித்தவர்; கிறிஸ்தவர். "எங்கள் சபையில் பிள்ளைகளுக்குக் கோடைப் பள்ளி நடக்கிறது. கடைசி நாளன்று அசனம். உபதேசம் கேட்க வேண்டாம், சாப்பிடவாவது வாருங்கள்" என்று எழுதியிருந்தார். சாப்பாட்டுக்கு அழைத்த கடிதத்துக்கு மறுப்பு எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை.

விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் போகும் ரயில் பாதை 1927-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அந்தப் பாதையில், ராஜபாளையத்தைத் தாண்டியதிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை வலப்புறத்தில் கூடவே வருகிறது. மலை கண்ணுக்குத் தெரிகிறதே தவிர, அதன் குளிர்ச்சி ஊருக்குள் வருவதில்லை. 2019 முதல் இவ்வூர் தென்காசி ஜில்லாவைச் சேர்ந்தது. ஆனால், பேச்சிலும் சுபாவத்திலும் இன்னும் திருநெல்வேலிச் சீமைதான். காலை வேளையில் பூச்சந்தையில் மல்லிகை மணக்கிறது. வெயில் ஏற ஏற, தெருத்தெருவாகத் தறிகளின் ஓசை கேட்கிறது.

ரயிலடியில் ஆட்டோக்காரரிடம், "கோயிலுக்குப் போக வேண்டும்" என்றோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "எந்தக் கோயிலுக்கு அண்ணாச்சி? சங்கரன் கோயிலுக்கா, வேதக் கோயிலுக்கா?" என்று கேட்டார். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆலயத்தைக் 'கோயில்' என்றே சொல்லுவார்கள். மற்றவர்கள் அதை 'வேதக் கோயில்' என்பார்கள். "முதலில் சங்கரன் கோயில், அப்புறம் வேதக் கோயில்" என்றோம். "இரண்டுக்கும் ஒரே வாடகைதான்" என்று அவர் வண்டியைக் கிளப்பினார்.

சங்கரநாராயணர் கோயிலைப் பற்றி நேயர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உக்கிரபாண்டியர் கட்டியது என்பது தல வரலாறு. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் வழக்காடினார்களாம். கோமதியம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்ய, பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் ஒரே திருமேனியில் இறைவன் காட்சி கொடுத்தானாம். ஆடித் தபசு விழாவில் லட்சோப லட்சம் ஜனங்கள் கூடி அந்தக் காட்சியைக் காண்கிறார்கள். வழக்காடிய இருவரையும் ஒரே சந்நிதியில் நிற்க வைத்த ஊர் இது. வந்த காரியத்துக்கு இது நல்ல முகவுரை என்று எண்ணிக்கொண்டு, நெற்றியில் புற்றுமண்ணை இட்டுக்கொண்டு வேதக் கோயிலுக்குப் புறப்பட்டோம்.

தூரத்திலேயே பாட்டு கேட்டது. வேப்பமரத்து நிழலில் சின்னஞ்சிறு கோயில். முன்புறம் ஓலைப் பந்தல். பந்தலின் கீழ் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் கையைத் தூக்கியும் குனிந்தும் நிமிர்ந்தும் பாடிக்கொண்டிருந்தார்கள். தமிழில் 'விடுமுறை வேதப் பள்ளி' என்று பெயர் எழுதித் தொங்கவிட்டிருந்தாலும், அங்கே எல்லாரும் சொல்லுவது 'வி.பி.எஸ்.' என்றுதான். பத்து நாள். வயதுக்குத் தக்கபடி வகுப்புகள். முதலில் பாட்டு, அப்புறம் வேதாகமத்திலிருந்து ஒரு கதை, ஒரு வசனம் மனப்பாடம், பிறகு கைவேலை. இடையில் ரொட்டியும் பானகமும். பதினெட்டு, இருபது வயதுக் கல்லூரிப் பிள்ளைகளே ஆசிரியர்கள். சம்பளம் கிடையாது. வருஷம் முழுவதும் மாணவர்களை உட்கார வைக்கப் படாத பாடு படும் நமக்கு, விடுமுறையில் தாமாக வந்து உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தைகளைக் கண்டு கொஞ்சம் பொறாமையே உண்டாயிற்று.

இந்த ஏற்பாடு பிறந்த கதை வேடிக்கையானது. 1898-இல் நியூயார்க் நகரத்தில் ஹாஸ் என்ற அம்மையார், கோடையில் வேலையில்லாமல் தெருவில் திரிந்த ஏழைக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்ல ஆசைப்பட்டார். இடம் அகப்படவில்லை. கடைசியில் ஒரு மதுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து அதில் பள்ளியை நடத்தினார். 1901 முதல் பொவில் என்பவர் அதை நகரம் முழுவதும் பரப்பினார். அங்கிருந்து உலகமெங்கும் பரவி, இன்று சங்கரன்கோவில் வேப்பமரத்தடி வரையில் வந்திருக்கிறது. வந்த சரக்கு அயல்நாட்டுச் சரக்கானாலும், இங்கே அது நம் நாட்டு வேஷம் பூண்டுகொண்டது. கைவேலை வகுப்பில் ஒரு கிழவி பனையோலையைக் கிழித்துக் காற்றாடியும் கிலுகிலுப்பையும் பின்னக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டுக்குத் தாளம் போட்டது டோலக்கு.

அங்கே வந்திருந்த குழந்தைகளில் பாதிப்பேர் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், பூக்கட்டுகிறவர் பிள்ளைகள், பக்கத்துத் தெருக்களிலிருந்து வந்தவர்கள். "மதம் மாற்றத்தானே அழைக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லையா?" என்று நண்பரிடம் ஒளிவு மறைவின்றிக் கேட்டோம். "கேட்பவர்கள் உண்டு. பெற்றோர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் மாரியம்மன் பொங்கலும் சாப்பிடுகிறார்கள். எங்களுக்குப் பெரிய கவலை அதுவல்ல, சாயங்காலம் சொல்லுகிறேன்" என்றார்.

இந்த வட்டாரத்துக்கும் கிறிஸ்து மதத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. நம் தமிழுக்குத் தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த வீரமாமுனிவர், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கே அருகிலுள்ள குருக்கள்பட்டியில் ஊழியம் செய்தபோதுதான் சிறைப்பட்டு மரண தண்டனை வரையில் போய்த் தப்பினார். அந்தத் தண்டனை நிறைவேறியிருந்தால் பரமார்த்த குருவும் அவருடைய சீடர்களும் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள்!

பிறகு 1854-இல் ராக்லண்டு என்ற ஆங்கிலேயர் வடதிருநெல்வேலிக்கு வந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணிதத்தில் பேரெடுத்தவர். பங்களா கட்டிக்கொள்ளாமல், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்தார். நான்கே ஆண்டுகளில், 1858-இல், சிவகாசியில் உயிர் நீத்தார். அவருடைய தியாகம் பெரிது. ஆனால், அவருடன் அலைந்த தமிழ் உபதேசிமாரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஜில்லாவின் தென்பகுதியிலிருந்த பனைத் தொழிலாளர் சபைகள் தங்கள் சொந்தப் பணத்தில் முறை வைத்து அனுப்பிய ஆட்கள் அவர்கள். அந்த வித்துத்தான் பிற்காலத்தில் முளைத்தது. வேதநாயகம் அசரியா முதலியோர் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, ஆட்கள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையவையாகவே இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். வங்காளத்தில் சுதேசிக் கிளர்ச்சி எழுவதற்கு இரண்டு வருஷம் முன்பே திருநெல்வேலியில் நடந்த காரியம் இது! நாடு சுதந்திரம் பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் 27-ஆம் தேதி, தென்னிந்தியத் திருச்சபை ஏற்பட்டு, தனித்தனியாக நின்ற பல சபைகள் ஒன்றாயின.

சபைகள் ஒன்றாயின; ஜனங்கள்? அதற்கு விடை சாப்பாட்டுப் பந்தியில்தான் தெரியும்.

கடைசி நாள் வந்தது. முந்தின இரவிலிருந்தே சபை ஆண்கள் கோயிலுக்குப் பின்புறம் அடுப்பு மூட்டிவிட்டார்கள். அசனம் என்பது திருநெல்வேலிச் சபைகளில் சாதாரண விருந்தன்று. ஒருவர் அரிசி கொடுப்பார். ஒருவர் நேர்ந்துகொண்ட கிடாவைக் கொடுப்பார். கொடுக்க இல்லாதவர் விறகு பிளப்பார். வந்தவர் எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. மாமிசம் உண்ணாத நமக்காகக் கத்தரிக்காய்க் கூட்டு ஒன்று தனியாகக் கொதித்ததை நன்றியுடன் இங்கே பதிவு செய்கிறோம்.

பகல் பன்னிரண்டரை மணிக்குப் பந்தி போட்டார்கள். பாயில் வரிசையாக வாழையிலை. 'வரிசையில் யார் பக்கத்தில் யார்' என்று யாரும் ஏற்பாடு செய்யவில்லை. பத்து நாளும் கூடப் பாடியவர்கள் கூடவே உட்கார்ந்தார்கள். அப்போது வாசலில் ஒரு மூதாட்டி வந்து நின்றாள். உள்ளே கண்ணை ஓட்டி, தன் பேரன் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்தாள். முகம் மாறிற்று.

"ஏலே, எந்திரிச்சு வா. வீட்டில சோறு ஆக்கியிருக்கேன்."

"இங்கேயும் சோறுதான் ஆச்சி" என்றான் பையன், இலையை விட்டு எழுந்திராமல்.

பந்தல் சட்டென்று அடங்கிவிட்டது. பக்கத்திலிருந்த சிறுவன் தன் இலையைத் தானே சிறிது தள்ளிப் போட்டுக்கொண்டான். அந்த எட்டு வயதுக் குழந்தைக்கு விஷயம் புரிந்திருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவன் கற்றிருந்த பாடம் அது. பத்து நாள் மனப்பாடம் செய்த வசனங்களைவிட நன்றாக அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. அதைக் கண்டபோது நம் நெஞ்சு துணுக்குற்றது.

சபைக் குருவின் மனைவியை அங்கே 'ஐயரம்மா' என்பார்கள். கையில் சோற்றுக் கரண்டியுடன் இருந்த அந்த அம்மாள், வாசலுக்குப் போய், "ஆச்சி, வெயிலில் நிற்காதீங்க. பிள்ளை சாப்பிட்டு வரட்டும், நீங்க உள்ளே நிழலில் உட்காருங்க" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார். வாதம் இல்லை, உபதேசம் இல்லை. கிழவி திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. பேரனை மறுபடி கூப்பிடவும் இல்லை. சற்று நேரத்தில் யாரோ நீர்மோர் கொண்டு வந்து கொடுக்க, டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்து குடித்தாள். அது வழக்கமா, வைராக்கியமா என்பது அவளுக்கே வெளிச்சம். பேரனோ, தள்ளிப் போன இலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான்.

இந்தச் சீமைக்குப் பந்தி வழக்கு புதிதன்று. பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர், மாணவர் எல்லாரும் ஒன்றாகவே உண்ண வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விதித்தபோது, பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். தேசபக்தர் வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில், பெற்றோர் வற்புறுத்தினார்கள் என்பதற்காகப் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப் பந்தி போடப்பட்டது. அதனால் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரண்டுபட்டது. நாட்டின் விடுதலைக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்த ஒருவருடைய முயற்சி இரண்டு வாழையிலைகளில் இடறி விழுந்தது என்றால், அந்த இலை எவ்வளவு கனமானது என்று நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

சாயங்காலம் பவனி. காகிதக் கொடிகளும் பனையோலைக் காற்றாடிகளும் பிடித்துக்கொண்டு குழந்தைகள் தெருத்தெருவாகப் பாடிச் சென்றார்கள். பூக்கடைக்காரர்கள் கூடையை நகர்த்தி வழிவிட்டார்கள். தறி வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே வந்து தங்கள் பிள்ளைகளைத் தேடினார்கள். இவ்வூருக்கு அடுத்துள்ள கழுகுமலையில், தேரோடும் வீதியில் இருந்த கிறிஸ்தவர் கோயிலை முன்னிட்டு, 1895-இல் பெருங்கலகம் மூண்டு உயிர்கள் மாண்டன என்பது நம் நினைவுக்கு வந்தது. அந்த வட்டாரத்து வீதியில் இன்று குழந்தைகள் பாடிக்கொண்டு போகிறார்கள். ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே லாரியை நிறுத்துகிறார். உலகம் ஒன்றும் முன்னேறவில்லை என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

இரவு ரயிலடிக்கு வந்த நண்பரிடம் மனம் விட்டுப் பாராட்டினோம். அவர் தலையை அசைத்தார்.

"காலையில் கேட்டீர்களே, எங்கள் கவலை என்னவென்று? பத்து நாள் ஒன்றாகப் பாடுவது சுலபம். பதினோராம் நாள்தான் கஷ்டம். நாளைக்கு இதே பையன்கள் தெருவில் சந்தித்தால் என்ன செய்வார்கள்? பெரியவர்களானதும் பெண் கொடுக்கும்போது, சபைத் தேர்தலில் ஓட்டுப் போடும்போது, என்ன செய்வார்கள்? கல்லறைத் தோட்டத்தில்கூட நடுவே சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. 'ஐக்கியம்' என்ற சொல் எங்கள் ஜெபங்களில் நிறைய வருகிறது. அந்த ஆச்சி வாசலில் வந்து நின்றபோதுதான் அதற்கு அர்த்தம் கேட்கப்பட்டது."

அவர் தம் சபையைக் குறித்துச் சொன்ன குறை நம் எல்லாருக்கும் பொதுவானது. நம் பள்ளிக்கூடங்களில் பந்தி ஒன்றாகத்தான் நடக்கிறது. பதினோராம் நாள் நமக்கும் உண்டு. சிவனையும் திருமாலையும் ஒரே திருமேனியாகக் கண்டு கும்பிட்டுவிட்டுத் தெரு தாண்டினால் நாமும் வேறு ஆட்களாகிவிடுகிறோம்.

இந்த விடுமுறையில் நேயர்களின் வீட்டுக்கும் நாலு குழந்தைகள் விளையாட வருவார்கள். அவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று விசாரிக்காமல், ஒரே வரிசையில் உட்கார வைத்து ஒரு வேளை சோறு போடுங்கள். கோடைக்கானல் செலவில் நூற்றில் ஒரு பங்கும் ஆகாது. அந்த வரிசையில் எந்தக் குழந்தையாவது தன் இலையைத் தானே தள்ளிப் போட்டுக்கொண்டால், சங்கரன்கோவில் பையன் செய்ததைப் போல, அதை இழுத்து அருகில் வைத்துவிடுங்கள்.