பள்ளத்தாக்கில் இறங்குமுன்…



ஓய்வின்றி ஓடும் நகர வாழ்க்கையில் கிடைக்கும் விடுமுறை தேவன் தரும் ஈவாகும். அதைச் செலவிடக் குடும்பமாய்ப் புறப்படுகிறவர்களுக்கு மேகாலயாவின் சிரபுஞ்சியைச் சொல்லலாம். குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங் ஏறத்தாழ 100 கி.மீ.; அங்கிருந்து, உள்ளூர் மக்கள் சோரா என்றழைக்கும் சிரபுஞ்சி 55 கி.மீ. வங்கக்கடலிலிருந்து எழும் மேகங்கள் சமவெளியைக் கடந்து இம்மலைச்சுவரில் மோதுகின்றன. 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரை இங்கே பெய்த மழை 26,461 மி.மீ. அத்தகைய தண்ணீர் அறுத்த பள்ளத்தாக்குகளே இங்குள்ள காடுகளும் அருவிகளும்.

இம்மலைகள் நமக்கு அந்நியமல்ல. 1841இல் வேல்ஸ் நாட்டு மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் சிரபுஞ்சியில் வந்திறங்கி, காசி இன மக்களின் மொழியை ரோமன் எழுத்தில் எழுதினார். 1905இல் பெரும் எழுப்புதல் இம்மலைகளை அசைத்தது. ஞாயிறன்று பல கடைகள் மூடியிருக்கும். அந்நாளில் நடையை விட்டு, அங்குள்ள சபையாரோடு ஆராதியுங்கள்.

ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க இடங்களில் எதைத் தெரிந்துகொள்வது?

நோகலிகை அருவி ஏறத்தாழ 340 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அதை மேலிருக்கும் காட்சிமேடையில் நின்றே காணலாம். முழங்கால் நோயுள்ளவர்களுக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் இதுவே போதும்.

மௌப்லாங்கிலிருந்து லாட் மௌப்லாங் வரை செல்லும் டேவிட் ஸ்காட் பாதை 16 கி.மீ. முற்காலத்தில் பொதிவிலங்குகள் சென்ற வழி. நெடுநேரம் நடந்து பழகியவர்களுக்கு ஏற்றது.

மூன்றாவது, நோங்ரியாட் கிராமத்தின் இரட்டை அடுக்கு வேர்ப்பாலம். ரப்பர் அத்தி மரத்தின் இளவேர்களைப் பாக்குமரத் தண்டுகளின் வழியே ஓடைக்கு அப்பால் செலுத்தி, பல ஆண்டுகள் காத்திருந்து வளர்த்த உயிருள்ள பாலம் அது. நட்டவன் பிள்ளைகளுக்காக நட்டான். டைர்னா கிராமத்திலிருந்து 3,000க்கும் மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும்.

இங்கேதான் கவனம் தேவை. மலையேற்றத்தில் முதலில் ஏறுகிறோம். களைத்தால் பாதியில் திரும்பிவிடலாம். பள்ளத்தாக்கிலோ இறக்கம் முதலில் வருகிறது. பெலன் இருக்கும்போது இறங்கி, பெலன் குறைந்தபின் அத்தனை படிகளையும் ஏறியாகவேண்டும். குளிர்காலத்தில் மாலை 4.30 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஆகவே காலை 7 மணிக்கே புறப்படுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை படிகள் வழுக்கும். ஓடைகள் திடீரெனப் பெருகும். டிசம்பருக்குப் பின் அருவிகள் மெலியும். அக்டோபரும் நவம்பரும் ஏற்ற மாதங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் தாயாரை எண்ணிப்பாருங்கள். "நானும் வருகிறேன்" என்பார்கள்; பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமின்றி வலியைச் சொல்லமாட்டார்கள். திரும்புகையில் ஆயிரமாவது படியில் அவர்கள் உட்கார்ந்துவிட்டால், அங்கே வாகனம் வராது. பிறர் சுமந்தே ஏற்றவேண்டும்.

ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தில், தன்னோடு சேர்ந்து நடக்க ஏசா அழைத்தபோது யாக்கோபு என்ன செய்தான்? சிறுபிள்ளைகளையும் கறவையான மந்தைகளையும் காட்டி, "நீர் முன்னே போம்" என்று அனுப்பிவிட்டு, அவர்களுடைய நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டான். குடும்பத்தை நடத்துகிறவனுக்கு இதுவே அளவுகோல். உங்களில் பெலவீனமானவர் யாரோ, அவரால் ஏறிவரக்கூடிய பாதையே உங்கள் பாதை. வாலிபர் நோங்ரியாட்டுக்குப் போகட்டும். ஒருவராவது தாயாரோடு நோகலிகையின் முன் அமர்ந்திருக்கட்டும். சிருஷ்டிகரின் மகிமை அங்கேயும் குறைவில்லை.

கர்த்தர் உங்கள் பயணங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.