ரீசெட் அழுத்துவதற்கு முன்

கண்டி, பல்லேகல கைத்தொழில் பேட்டைப் பக்கம் சர்வோ டிரைவ் பார்க்கப் போனால் ஓப்பரேட்டர் தம்பிமார் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, ஓஃப் பண்ணி ஓன் பண்ணினா போகுது, கொஞ்ச நேரத்தில திரும்ப வருது." நம்பரைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். நம்பர் டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும், அதை எடுத்துவிடலாம். சுலபமாக எடுக்க முடியாதது, அது வந்த தருணம்தான். கரண்ட் கொடுத்தவுடனா, வேகம் பிடிக்கும்போதா, நிற்கப் போகும்போதா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மித்சுபிஷி ஜே4, அலாரம் 33. ஓவர்வோல்டேஜ். நிறுத்தும்போது மட்டும் வந்தால் பிரேக்கிங் பக்கம் பார். வேகம் குறையும்போது மோட்டரே ஜெனரேட்டராகி, மின்சாரத்தை டிரைவின் டிசி பஸ்ஸுக்குத் திருப்பி அனுப்பும். அதை ரெசிஸ்டர் எரித்துத் தீர்க்க வேண்டும். வெளி ரெசிஸ்டர் போட்டவர்கள் பி-டி இணைப்பைக் கழற்றினார்களா? பாராமீட்டர் பிஏ02இல் சொன்னார்களா? இரண்டில் ஒன்று விடுபட்டிருப்பது சகஜம்.

எல்லாம் சரி, இரவு ஷிஃப்டில் மட்டும் வருகிறது என்றால்? நம் இலங்கை லைன் 230 வோல்ட், 6 சதவீதம் கூடலாம், குறையலாம். 230ஐ நேராக்கினால் டிசி பஸ்ஸில் 325 வோல்ட் அளவு நிற்கும். 244க்கு ஏறினால் 345. இந்த ரக டிரைவ் 400இல் கைவிரிக்கும். பிரேக் பிடிக்க மிஞ்சியிருக்கும் இடமே அவ்வளவுதான். அக்கம்பக்கத் தொழிற்சாலைகள் மூடிய பிறகு லைன் ஏறும். ஜப்பானிலிருந்து வந்த பழைய மெஷின்களுக்கு 400ஐ 200 ஆக்கும் டிரான்ஸ்போமர் இருக்கும். அதன் டேப் எதில் இருக்கிறது என்று பார்க்காமல் டிரைவைக் குறை சொல்லக்கூடாது. மீட்டரை இரவில் வைத்துப் பார்க்க வேண்டும். பகலில் பார்த்துவிட்டு "லைன் நல்லம்" என்று எழுதிவைத்த தாள்கள் எத்தனையோ.

அக்குறணைப் பக்கத்துப் பட்டறை. "நானா, இது ரெண்டு வருஷமா ஓடுது, இப்ப மட்டும் ஏன்?" என்றார் ஒருவர், என்னைப் பார்த்து. அலாரம் 50, ஓவர்லோட். மோட்டரைக் கப்ளிங்கிலிருந்து பிரித்து வெறுமனே ஓட்டினோம், சத்தமில்லை. ஆக டிரைவ் நல்லது, மெஷின்தான் இறுகியிருக்கிறது. தேயிலைத் தூளும் மழைக்கால ஈரமும் சேர்ந்து கியருக்குள் களியாகியிருந்தன. 51 திடீரென்று வந்தால் எங்கோ முட்டியிருக்கும், அல்லது மோட்டரின் பிரேக்குக்கு 24 வோல்ட் போகவில்லை.

என்கோடர்: கரண்ட் கொடுத்தவுடன் அலாரம் 16, ஓடும்போது 20. ஓடும்போது வந்தால் முதலில் கேபிள் செயினில் மடிகிற இடம். ஒரே மாதிரி இரண்டு அச்சு இருந்தால் கேபிளை மாற்றிப் போட்டு, அலாரமும் கூடவே போகிறதா என்று பார்க்கலாம். டிரைவை மாற்றுவது கடைசிக் காரியம். பாராமீட்டரைச் சேமிக்காமல் மாற்றியவன் அன்று வீட்டுக்குப் போக மாட்டான்.

என்கோடர் பேட்டரி. யாஸ்காவாவில் ஏ 830 வந்தால் 3.6 வோல்ட் பேட்டரி 2.7க்குக் கீழே இறங்கிவிட்டது; ஏ 810 வந்தால் நிலை நினைவே போய்விட்டது, ஹோம் எடுக்க வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்தில்தான் இந்தப் பேட்டரி உழைக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. ஜெனரேட்டர் இல்லாத சிறு பட்டறைகளில் இரவில் மட்டும் உழைத்த பேட்டரி பகலிலும் உழைத்தது. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த காரியத்தில் நாடே இருண்டது. (அந்தக் குரங்கைத் திட்டாத டெக்னீஷியன் இல்லை.) பேட்டரி மாற்றும்போது கன்ட்ரோல் கரண்ட் ஓனில் இருக்க வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் நினைவும் சேர்ந்து போகும்.

நுவரெலியாவில் மித்சுபிஷி அலாரம் 45, சூடு. குளிரும் ஊரில் சூடா என்று சிரிக்க வேண்டாம். உயரம் 1,868 மீட்டர். 1,000 மீட்டருக்கு மேலே காற்று மெலிவதால் சூடு சரியாக இறங்காது, டிரைவின் திறனைக் குறைத்தே கணக்கிட வேண்டும். கண்டி 500 மீட்டர்தான், இங்கே அந்தச் சாக்கு செல்லாது. இங்கே ஃபேனைத் திறந்து பார்: ஆடைத் தொழிற்சாலை என்றால் பஞ்சு.

மித்சுபிஷி அலாரம் 24, ஏர்த் கோளாறு. மெகர் வைக்குமுன் மோட்டர் வயர்களை டிரைவிலிருந்து கழற்று. டிரைவுக்கு மெகர் வைத்தால் புது டிரைவுக்கு ஓடர் கொடுக்கலாம். கரண்ட் அணைத்த பிறகும் 15 நிமிடம் கையை வைக்காதே. சார்ஜ் விளக்கு அணைந்ததா என்று பார்.

பேனல் கதவின் உட்புறம் ஒட்ட ஒரு தாள்: திகதி, நேரம், நம்பர், மெஷின் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது, வெளியே இடியா மழையா. ரீசெட் அழுத்துபவரே நிரப்ப வேண்டும். பேனாவைக் கயிற்றில் கட்டிவிடு, இல்லாவிட்டால் பேனா போய்விடும்.