பேரில் மட்டும் ஊர்

காமர்ஸ் படிக்கிறவனுக்குத் தேரையைப் பத்தி என்ன கவலைன்னு கேக்காதீங்க மக்களே. எனக்கு இது கணக்குப் பாடமாத்தான் தெரியுது.

அமெரிக்காவுல, டெக்சாஸ் மாநிலத்துல ஹூஸ்டன் தேரைன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு மூணு அங்குலம்தான் இருக்கும். வெயிலோ குளிரோ அதிகமானா மணலுக்குள்ள புதைஞ்சுக்கும். இறுகின மண்ணைத் தோண்ட அதுக்குத் தெம்பு பத்தாது; ஆழமான, பொலபொலன்னு இருக்கிற மணல் வேணும். நகரம் பரவினதுல 1960களிலேயே ஹூஸ்டன்ல அது இல்லாமப் போச்சு. பேர்ல மட்டும் ஊர் ஒட்டிக்கிட்டிருக்கு!

1970லயே அமெரிக்க அரசு இதை அழிவின் விளிம்புல இருக்கிற உயிரினம்னு பட்டியல்ல சேர்த்தாச்சு. அரை நூற்றாண்டு தாண்டியும் நிலைமை மாறலை. மிச்சமிருந்த முக்கியமான இடம் பாஸ்ட்ராப் பைன் காடு. 2011 செப்டம்பர்ல வந்த காட்டுத்தீயில அதுவும் பெருமளவு எரிஞ்சது.

ஹூஸ்டன் உயிரியல் பூங்கா 2007லேர்ந்து இதை வளர்த்து, லட்சக்கணக்கான முட்டைகளைக் குளங்கள்ல விட்டிருக்கு. நல்ல வேலைதான். ஆனா முட்டை என்பது வரவு, மணல்தான் முதல். முதல் கரைஞ்சுக்கிட்டே இருந்தா எத்தனை வரவு எழுதினாலும் கணக்கு நேராகுமா?

அந்த மணல் நிலம் பெரும்பாலும் தனியார் கையில. பிளாட் போட்டா காசு, சும்மா விட்டா ஒண்ணுமில்லை. விற்காம வெச்சிருக்கிறவருக்கும் நாலு காசு கிடைக்க வழி பண்ணாம, பட்டியல் மட்டும் தேரையைக் காப்பாத்தாதுங்கிறது என் கட்சி. நீங்க என்ன சொல்றீங்க?