சுவர் இருந்தால் தாவரமா?



நான் பிரிக்பீல்ட்ஸில் வசிப்பவள். கிள்ளானில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் கற்பித்து வருகிறேன். அண்மையில் வகுப்பில் நான் செய்த பிழையொன்றை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

தாவர உயிரணுவைச் சுற்றிச் சுவர் உண்டு, விலங்கின் உயிரணுவுக்குச் சுவர் இல்லை என்று பாடநூலுக்கு அப்பாற்பட்ட செய்தியொன்றைச் சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த மாணவன் எழுந்தான்.

"டீச்சர், காளான் பச்சையாக இல்லையே. அதுவும் தாவரமா?"

"அதற்கும் சுவர் இருக்கிறது. ஆகவே தாவரந்தான். உட்கார்" என்றேன். உட்கார்ந்தான், முகத்தில் தெளிவில்லை.

மாலையில் கொமுட்டர் இரயிலில் வீடு திரும்பும்போது அந்த முகமே கண்முன் நின்றது. பயிற்சிக் கல்லூரிக் காலக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். விட்டேக்கர் 1969-இல் வகுத்த ஐந்துலக வகைப்பாட்டில் பூஞ்சைகளுக்குத் தனி உலகம் என்று என் கையெழுத்திலேயே இருந்தது! படித்தேன், தேர்வும் எழுதினேன், மறந்தும்விட்டேன்.

சுவர் இருப்பது மட்டும் போதாது. அது எதனால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். தாவரத்தின் சுவரில் முதன்மையானது செல்லுலோஸ். நாம் உடுத்தும் பருத்தித் துணியும் அதுவே. காளானின் சுவரில் இருப்பது கைட்டின். இறால் ஓட்டிலும் அதுதான் உண்டு. பெரும்பாலான பாக்டீரியாக்களின் சுவரோ பெப்டிடோகிளைக்கன் என்னும் வேறொரு பொருளால் ஆனது. 1928-இல் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலின், அந்தச் சுவர் கட்டப்படுவதைத்தான் தடுக்கிறது. நம் உயிரணுக்களுக்குச் சுவரே இல்லாததால் அது அவற்றைத் தாக்குவதில்லை. அம்மருந்தைச் சுரக்கும் பூஞ்சையின் சுவர் கைட்டினால் ஆனது. ஆகவே அதற்கும் கேடில்லை.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே 19-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த செங்கற்சூளைகளால் வந்தது. செங்கல் வீட்டுக்கும் பலகை வீட்டுக்கும் சுவர் உண்டு. அதனால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக, "நேற்று நான் சொன்னது தவறு. இவன் கேட்டதுதான் சரியான கேள்வி" என்றேன். இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். அந்த இரண்டு வரிகளைச் சொல்ல நா எழவில்லை. மாணவர்கள் சிரிப்பார்கள் என்று அஞ்சினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவன் மட்டும் மீண்டும் கை உயர்த்தினான். "டீச்சர், தெம்பேயின் மேல் வெள்ளையாக இருக்கிறதே, அதுவும் பூஞ்சையா?"

ஆம், அது ரைசோபஸ் என்னும் பூஞ்சை. இம்முறை உடனே விடை கூறவில்லை. சந்தையில் ஒரு துண்டு தெம்பே வாங்கி வந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை முதலில் அவன் கையில் கொடுத்தேன்.

"உட்கார்" என்று நான் சொன்ன அந்த ஒரு சொல்லால் அந்தக் கேள்வி அன்றோடு நின்றுபோயிருக்கும். நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.