நீரினடியிற் கிடக்கும் பல்லேகம

எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் இரண்டு தேசப்படங்கள் கிடக்கின்றன. ஒன்று மடிப்புகள் கிழிந்து, பின்புறம் பசைத்தாள் ஒட்டப்பட்ட பழைய படம். மாத்தளையிலிருந்து புறப்படும் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு அதிலே இரத்தோட்டையைக் கடந்து, மலையேறி, இலுக்கும்புர வழியாக இறங்கி, களு கங்கைக் கரையில் ‘பல்லேகம’ என்னும் எழுத்துக்களிலே வந்து நிற்கும். மற்றையது புதிய படம். அதிலே அந்த எழுத்துக்கள் இருந்த இடத்தில் நீல வர்ணம் பூசப்பட்டிருக்கிறது.

இருவரும் ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நாங்கள். சீட்டுப் பிடித்தும் சிக்கனம் பிடித்தும் சேர்த்த பணத்திற் சில வெளிநாடுகளைப் பார்த்திருக்கிறோம். பெரிய நகரங்களில் எங்களுக்கு அத்துணை நாட்டமில்லை. பஸ் வண்டி கடைசியாகத் திரும்புகின்ற ஊர் எதுவோ அந்த ஊருக்குப் போய்ப் பார்ப்பதே எம் வழக்கம். ஆனால் இந்தப் பழக்கம் எங்கே தொற்றியது என்று யாரேனும் கேட்டால், நோர்வேயையோ வியட்நாமையோ சொல்ல மாட்டோம். 2003ஆம் ஆண்டு பாடசாலை விடுமுறையில் மாத்தளையிலிருந்து ஒரு நாட் பயணமாகப் போன பல்லேகமவைத்தான் சொல்வோம்.

அன்று அது ஒரு தெருவும் சில கடைகளும் கொண்ட சிறிய ஊர். ஒரு தேநீர்க் கடையில் நடுவயது மாது ஒருவர் வெறுந்தேநீரும், உள்ளங்கை அகலமுள்ள கித்துள் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். தேநீருக்குக் காசு வாங்கினார். கருப்பட்டிக்கு வாங்க மறுத்துவிட்டார். அது விற்பனைச் சரக்கல்ல, வீட்டிற் காய்ச்சியது என்றார். கடை வாசலில் அவரையும் எங்களில் ஒருவரையும் நிறுத்தி மற்றவர் புகைப்படம் எடுத்தோம். “நோனா, அறுப்புக் காலத்தில் வாருங்கள், புத்தரிசிச் சோறு தருகிறேன்” என்று அவர் சிங்களத்திற் சொல்ல, “கட்டாயம் வருவோம்” என்று விடைபெற்றோம். மீண்டும் நாங்கள் போனது 2023 ஆகஸ்டில்.

வழியைப் பற்றி முதலிற் சொல்லிவிடுகிறோம். ஏனெனில் இந்தப் பிரயாணத்திற் பாதிச் சுவை வழியிலேதான் இருக்கிறது.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வரை மிளகுக் கொடியும், சாதிக்காய், கராம்பு மரங்களும் வீட்டுக்கு வீடு நிற்கின்றன. அப்பால் தேயிலை. கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டினூடாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களின் சந்ததியினர் பலர் இப்பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் வாழ்கிறார்கள். அந்த நடையிலே செத்து மடிந்தோர் பலர் என்பதை மாத்தளை முத்துமாரியம்மன் சந்நிதியில் ஐந்து தேர் பார்க்க நிற்கும் இளைஞர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1869இல் இலங்கையில் முதன்முதற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது, மனிதர்கள் மட்டும் அதே மலையில் நின்றுவிட்டார்கள். வண்டி ஏற ஏற ஒன்றைக் கவனித்தோம். தேயிலை முடிகிற வளைவோடு கடைப் பலகைகளில் தமிழும் ஏறத்தாழ முடிந்துபோகிறது. அதற்குமேல் காடு. காட்டுக்கு அப்பால் பழைய சிங்களக் கிராமங்கள்.

மலைத்தொடரின் பெயர் தும்பறை. பனிமூட்டம் என்னும் பொருளிலே அப்பெயர் வழங்குகிறது என்பர். தூரத்திலிருந்து பார்க்கையில் இறுக மூடிய கையின் விரல் முட்டிகள்போற் சிகரங்கள் தோன்றியதால் ஆங்கிலேய நில அளவையாளர் ‘நக்கிள்ஸ்’ என்று பெயரிட்டார்கள். உயர்ந்த சிகரமான கொம்பானிய 1,906 மீற்றர். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை வெட்டலாகாது என்று 1873ஆம் ஆண்டிலேயே ஏற்பாடு செய்யப்பட்டது. 2000ஆம் ஆண்டில் மலைத்தொடர் பாதுகாக்கப்பட்ட காடாயிற்று. 2010இல் சிவனொளிபாத மலைக் காடும் ஹோட்டன் சமவெளியும் இதனுடன் சேர்ந்து ‘மத்திய மலைநாடு’ என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. நாங்கள் கடல்கடந்து போய் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வந்த சில மலைகளுக்கு அந்தப் பெருமை கிடையாது!

றிவஸ்டன் கணவாயில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். கதவைத் திறக்க முடியவில்லை. காற்று வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது. மற்றப் பக்கக் கதவால் இறங்கி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்களுள் ஒருவருடைய குடை, வாங்கிப் பத்து நாளாகாத குடை, வயிறு புரண்டு கம்பியாகிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்த இடைவெளியால் வெறுங்காற்றாகக் கிழக்கே பாய்கிறது. அதனால் உச்சியிலே மரங்கள் ஆள் உயரத்துக்குமேல் வளரத் துணியாமல், பாசி போர்த்து, முறுகி நிற்கின்றன. கணவாயைக் கடந்து கீழே சில மைல் இறங்கியதும் போர்வையைக் கழற்றினோம். இன்னும் சிறிது தூரத்தில் விசிறி தேடினோம். ஈரக் காடும் வறண்ட காடும் ஒரே காலைப் பொழுதிற் கண்ணிற் படுகின்றன. புவியியற் புத்தகத்தில் ‘மழை மறைவுப் பிரதேசம்’ என்ற பாடத்தை நெட்டுருப் பண்ணும் மாணவர்களை இங்கே ஒருமுறை அழைத்து வந்தால், அப்பாடத்தை மறுபடி நடத்த வேண்டியதில்லை.

அடுத்து வருவது பிட்டவல பத்தன என்னும் புல்வெளி. பாறைமேல் மெல்லிய மண், அந்த மண்மேற் கணுக்கால் அளவு புல். அவ்வளவே. ஆனால் ஓரத்திலே நிலம் திடீரென அற்றுப்போகிறது, கீழே பள்ளத்தாக்கு. ஈரக் கசிவுள்ள பாறைகளிற் குனிந்து பார்ப்பவர்களுக்குச் சப்பையான ஒரு சிறு தவளை அகப்படக் கூடும். பாறையின் நிறமே அதற்கும். இம்மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது. நாங்கள் அரைமணி நேரம் குனிந்திருந்தோம். முதுகு நோவுதான் அகப்பட்டது. ஆனால் அதே வழியில், பக்கத்தே பிரியும் பாதையில், சேர எல்ல நீர்வீழ்ச்சி ஏமாற்றவில்லை. படிகள் வழியே இறங்கி, விழும் நீருக்குப் பின்னாலுள்ள குகைக்குள் நின்று, நீர்த்திரையினூடாகக் காட்டைப் பார்க்கலாம். மழை நாளில் அங்கே இறங்க வேண்டாம், பாறை வழுக்கும்.

பின்னர் பாதை தாழ்ந்துகொண்டே போயிற்று. இருபது ஆண்டுகளுக்கு முன் குண்டும் குழியுமாகக் கிடந்த பாதை இப்போது நன்றாக இருக்கிறது. ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகின. வயல் தெரியும் என்று நாங்கள் நினைத்த இடத்தில் நீர் தெரிந்தது. மலைகளுக்கிடையே அகன்று, அசையாமல், அழகாகவே கிடந்தது. முன்பின் தெரியாதவர் எவரும் “எத்தனை அழகான ஏரி!” என்றுதான் சொல்லுவர். எங்கள் சாரதி அப்படித்தான் சொன்னார்.

களுத்துறையிற் கடலோடு கலக்கும் களு கங்கை வேறு, இது வேறு. இது தும்பறை மலையில் ஊற்றெடுத்து அம்பன் கங்கையிற் சேரும் சிற்றாறு. அம்பன் கங்கை மகாவலியிற் சேர்கிறது. அம்பன் கங்கையின் நீரை மனிதர் திருப்பத் தொடங்கியது நேற்றல்ல. எலஹெரக் கால்வாயின் தொடக்கத்தை வசப மன்னன் காலத்துக்குக் கொண்டு செல்வர். மகாசேனனுடைய மின்னேரிக் குளமும், 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு கட்டுவித்த பராக்கிரம சமுத்திரமும் இந்த ஆற்றையே நம்பியிருந்தன. நம் காலத்தில் அது மொரகஹகந்த - களு கங்கைத் திட்டமாயிற்று. 2007இல் மொரகஹகந்தவில் வேலை தொடங்கியது. களு கங்கைக்குக் குறுக்கே பல்லேகமவில் எழுந்த அணைக்குக் குவைத் முதலிய அரபு நாடுகளின் நிதி உதவிற்று. 2018 ஜூலையில் நீரை மறித்தார்கள். இங்கே தேங்கும் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து வறண்ட வடமத்திய மாகாணத்தின் குளங்களுக்குப் போக வேண்டும்.

நீர் மறிக்கப்படுமுன் மேட்டிலே புதிய லக்கல நகரைக் கட்டி முடித்திருந்தார்கள். அகன்ற வீதி, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, பாடசாலை, அரசாங்கக் காரியாலயங்கள் எல்லாம் அளந்து வைத்தாற்போல் இருக்கின்றன. நிழல் மட்டும் இன்னும் போதவில்லை. நட்ட மரங்கள் வளர வேண்டும். ஒரு கடையிற் போய், பழைய ஊரிலே தேநீர்க் கடை வைத்திருந்த அம்மாவைத் தெரியுமா என்று விசாரித்தோம். “எந்தக் கடை, மாத்தயா? கடைகள் பல இருந்தன. ஆட்கள் நாலா பக்கமும் போய்விட்டார்கள்” என்றார் கடைக்காரர். பெயர் கேட்டார். எங்களுக்குத் தெரியாது. கருப்பட்டி வாங்கித் தின்றவர்கள், பெயரைக் கேட்கவில்லை.

அங்கே தேநீர் அருந்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு எழுந்து வந்தார். அவரும் பழைய ஊர்க்காரர். தாமே வண்டியில் ஏறி எங்களை நீர்க்கரைக்கு அழைத்துச் சென்றார். வறட்சிக் காலமாதலால் நீர் இறங்கியிருந்தது. கரையோரம் பட்ட மரங்கள் இடுப்பளவு நீரில் நின்றன. அவர் கையை நீட்டி, இதோ பஸ் நிற்கும் இடம், அதோ எங்கள் வயல், அதற்கு அப்பால் என் தகப்பனார் நட்ட பலாமரம் என்று காட்டிக்கொண்டே போனார். நாங்கள் பார்த்ததெல்லாம் நீர்தான். அவர் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

அரசாங்கம் காணி தந்ததா என்று கேட்டோம். தந்தது என்றார், நட்டஈடும் கிடைத்தது, இப்போது இரு போகமும் வயலுக்கு நீர் வருகிறது, அதிற் குறை சொல்ல மாட்டேன் என்றார். சிறிது நேரம் கழித்து, “பலாமரம் மட்டும் கொஞ்சம் காலம் எடுக்கும்” என்றார்.

திரும்பும் வழியில் எங்கள் இருவருக்கும் தர்க்கம் மூண்டது. ஒருவர் கட்சி இது: அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயால் ஆயிரக்கணக்கான உழவர் மாய்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நல்ல குடிநீர் கொடுப்பதும் இத்திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று, ஒரு தெருவும் சில வயல்களும் அதற்கு ஈடாகுமா? மற்றவர் கட்சி: ஈடாகாது என்பது உண்மையே, ஆனால் கணக்கிலே கழிக்கப்படுவது எப்பொழுதும் பள்ளத்தில் இருப்பவனுடைய ஊராகவே இருப்பதேன்? பல்லேகம என்றாலே ‘கீழ்க் கிராமம்’ என்றுதானே பொருள்! சாரதி இருவருக்கும் தலையாட்டினார்.

அணைக்கு ஊர் கொடுத்தவர்கள் பல்லேகம மக்கள் மட்டுமல்லர். விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய போயிற்று. மவுசாகலையின் நீரிற் பழைய மஸ்கெலியா கிடக்கிறது; கடும் வறட்சி வந்தால் அங்கே கோயிற் கட்டடம் தலைகாட்டும், தோட்டத்துச் சனங்கள் போய்க் கற்பூரம் கொளுத்துவார்கள். 1934இல் முடிந்த மேட்டூர் அணையில் நீர் வற்றும்போது நந்தி வெளிப்படுவதைச் சேலத்து உறவினர் எங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். இத்தாலியின் வட எல்லையில் றெஷென் என்னும் ஏரி உண்டு. 1950இல் கிராவுன் கிராமத்தை மூழ்கடித்து உண்டான ஏரி. 14ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் மணிக்கூண்டு மட்டும் நீரின் நடுவே நிற்கிறது. நாங்களும் அங்கே சென்று, வரிசையில் நின்று, படம் எடுத்து, சொக்கலேற்றுப் பானம் குடித்து, பஸ் ஏறி வந்தோம். அந்த நீருக்குக் கீழே யாருடைய பலாமரம், அல்லது அந்நாட்டு வழக்கப்படி யாருடைய அப்பிள் மரம், இருந்ததென்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

முதியவரை நகரத்தில் இறக்கிவிடும்போது, பையிற் கொண்டு போயிருந்த 2003ஆம் ஆண்டுப் புகைப்படத்தைக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கடை இன்னாருடையது என்று கண்டுகொண்டார். அந்த அம்மா தம் மகளுடன் வேறொரு குடியேற்றத்துக்குப் போய்விட்டார், இப்போது எப்படியோ தெரியாது என்றார். பின்பு அவருடைய விரல் ஆட்களை விட்டு, கடைக்குப் பின்னே தெரிந்த மலைக்கு நகர்ந்தது. நிமிர்ந்து எதிரே பார்த்தார். அதே மலை அங்கே நின்றது. இப்போது அதன் பாதம் நீருக்குள் இருந்தது. இதில் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த கடைக்காரரும் தமக்கு ஒன்று வேண்டுமென்றார். பின்னர் இன்னும் இருவர்.

மாத்தளையில் ஒரு ஸ்தாபனத்திற் கொடுத்து, கொஞ்சம் பெரிதாக்கி, ஐந்து பிரதிகள் எடுத்து, அடுத்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஐந்தாவது பிரதி அந்த அம்மாவுக்கு. முதியவர் துண்டுத் தாளில் எழுதித் தந்த முகவரியிலே ஊர்ப் பெயர் பல்லேகம என்றே இருந்தது.