மூச்சை இழுத்து விடுங்க

இந்த த்ரெட் கொஞ்சம் நீளம். ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, அவசர வேலை எதுவும் இல்லாதப்ப படிங்க.

"மனசு ஒரு நிலையில இல்ல டாக்டர், என்ன செய்ய?" என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு இதுவரை நான் எழுதிய பதில்களில் பாதி, நானே கடைப்பிடிக்காதவை. அதை ஒத்துக்கொள்ளத்தான் இதை எழுதுறேன்.

நான் புளியங்குடியில் கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவன். ஊரைத் தெரியாதவங்களுக்கு: தென்காசி மாவட்டம், மேற்கே மலை, ஊர் முழுக்க எலுமிச்சை வியாபாரம். வர்ற பேஷண்ட்ல நாலு பேருக்கு ஒருத்தர் ஒரு பை எலுமிச்சை கொண்டு வந்து மேஜையில் வைப்பாங்க. எனக்கு அசிடிட்டி. இதை இருபது வருஷமா யார்கிட்டயும் சொல்ல முடியல.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆடி மாசம். எலுமிச்சை கமிஷன் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்தாங்க. கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு, சாப்பாடு இறங்கவில்லை. தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்துவிட்டு, இது மனச்சோர்வு என்று சொல்லி எஸ்சிட்டலோபிராம் மாத்திரை ஆரம்பித்தேன். ரெண்டு வாரம் கழித்து வந்தபோது அவங்க கேட்டது:

"சார், சங்கரன்கோயில்ல அம்மன் சன்னதி முன்னாடி சக்கரத்துல உட்காந்து எந்திரிச்சா நல்லாயிரும்னு சொல்லுதாவ. திங்கக்கிழம போயிட்டு வரட்டா?"

வெளியே நாற்பது டோக்கன் காத்திருந்தது. "அப்போ மாத்திரையையும் அங்கேயே வாங்கிக்கோங்க" என்றேன்.

"சரி சார்" என்று சீட்டை மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனாங்க. அப்புறம் வரவே இல்லை.

என் கோபத்துக்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. அப்போ நான் மருத்துவக் கல்லூரியில் ரெண்டாம் வருஷம். தர்காவில் இல்லை, அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்த தனியார் காப்பகங்களில் ஒன்றில் விடிகாலையில் தீப்பிடித்தது. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனாங்க. இன்றைக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டுவது தடை செய்யப்பட்ட ஒன்று. அந்தச் செய்தியை ஹாஸ்டல் டிவியில் பார்த்தவனுக்கு "கோயிலுக்குப் போனால் சரியாகும்" என்ற வார்த்தை காதில் விழுந்தாலே உடம்பு எரியும்.

ஆனா அந்த அம்மா மாத்திரையை நிறுத்தட்டுமா என்று கேட்கவில்லை. போயிட்டு வரட்டா என்றுதான் கேட்டாங்க. இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க வருஷக்கணக்கு ஆச்சு.

அதே வருஷம் மார்கழி. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். இடது நெஞ்சில் பாரம். விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் குறுகுறுன்னு இருந்தது. எங்கப்பா 52 வயசில் மாரடைப்பில் போனவர். முடிந்தது கதை என்றே நினைத்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி கார் எடுத்து திருநெல்வேலிக்குக் கொண்டு போனான். இசிஜி, ரெண்டு தடவை ட்ரோபோனின், எக்கோ, எல்லாம் நார்மல். பிபி மட்டும் 160/100.

இதய மருத்துவர் என் வகுப்புத் தோழன். "ஒனக்கு ஒண்ணும் இல்லல. ஆனா ஒண்ணும் இல்லாமலும் இல்ல. ஒரு நாளைக்கு எத்தன பேரப் பாக்க?"

"தொண்ணூறு."

"மூச்சு விட நேரம் இருக்கா?"

பீதித் தாக்கம். பேனிக் அட்டாக். நான் ஆயிரம் பேருக்கு விளக்கியிருக்கேன்: பயத்தில் மூச்சை வேகவேகமா இழுத்து விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறையும், அதனால்தான் விரல் மரத்துப்போகிறது, செத்துப்போக மாட்டீங்க என்று. அன்று ராத்திரி அதில் ஒரு வரி கூட நினைவுக்கு வரவில்லை. (ஒரு எச்சரிக்கை: நெஞ்சு வலி வந்தால் "டென்ஷனாத்தான் இருக்கும்" என்று நீங்களே முடிவு பண்ணாதீங்க. முதலில் இசிஜி. மற்றதெல்லாம் அப்புறம்.)

அவன் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்தேன். எஸ்சிட்டலோபிராம். அந்த அம்மாவுக்கு நான் எழுதின அதே மாத்திரை. ஒன்பது மாசம் சாப்பிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிபி மாத்திரை சாப்பிடுறதைச் சொல்ல வெட்கப்படுறோமா என்ன?

மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது. பகல் நேரத்து ஓட்டத்தை அது மாற்றவில்லை. யோகா வகுப்பில் சேர்ந்தேன், நாலு நாளில் நின்றுவிட்டேன். காலையில் அரை மணி நேரம் தியானம் என்று ஆரம்பித்து, கண்ணை மூடினால் வீட்டுக் கடன் தவணை ஞாபகம் வந்தது. உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

அப்புறம் ஒரு நாள், இருமலோடு வந்த ஒரு தாத்தா முதுகில் ஸ்டெத் வைத்து, "மூச்சை இழுத்து விடுங்க" என்றேன். அதைச் சொல்லும்போது நான் என் மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. கவனித்துப் பார்த்தால் ஒவ்வொரு பேஷண்டுக்கும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். நாளைக்குத் தொண்ணூறு தடவை மற்றவனை மூச்சு விடச் சொல்லிவிட்டு நான் விடுவதில்லை.

அன்றிலிருந்து அவங்க இழுக்கும்போது நானும் இழுக்கிறேன், விடும்போது விடுகிறேன். ஒருத்தருக்கு ரெண்டு மூச்சோ மூணு மூச்சோ. கூடுதலா நேரம் எடுப்பதில்லை, ரிசப்ஷன் தங்கச்சிக்குக்கூடத் தெரியாது. ஆனா அந்த ரெண்டு மூச்சு நேரம் எனக்கு முன்னால் இருப்பது 47ஆம் நம்பர் டோக்கன் இல்லை, ஒரு முதுகு. வெயிலில் கருத்த, எலும்பு தெரிகிற, வேலை செய்து தேய்ந்த ஒரு முதுகு. பக்தி என்று எனக்குப் பிடிபடுவது இவ்வளவுதான்.

இதில் அறிவியல் இருக்கா என்று கேட்பீங்க. இருக்கு, அளவோடு. இப்பவே உங்க மணிக்கட்டில் நாடியைப் பிடிச்சுப் பாருங்க. மூச்சை இழுக்கும்போது துடிப்பு லேசா வேகமாகும், விடும்போது மெதுவாகும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை அது. நிதானமா, நீளமா மூச்சு விடும்போது அந்த நரம்பின் கை ஓங்குகிறது.

2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் குழுவினரும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 23 ஆரோக்கியமான நபர்களை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவும், பௌத்த மந்திரம் ஒன்றைச் சொல்லவும் வைத்து அளந்தார்கள். ரெண்டிலும் மூச்சு நிமிஷத்துக்குச் சுமார் 6 என்று இறங்கியது. சாதாரணமா நமக்கு 12க்கு மேல் ஓடும். ரத்த அழுத்தத்தைச் சமன்படுத்தும் அனிச்சைச் செயலும் மேம்பட்டது. சின்ன ஆய்வுதான், இதை வைத்து யாரும் பிபி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆனா எங்க ஊர்ல ஜெபமாலை உருட்டுறவங்க, தஸ்பீஹ் உருட்டுறவங்க, ருத்ராட்சம் உருட்டுறவங்க எல்லாரும் என் கிளினிக் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாங்க. அந்த விரல்களை இப்போ வேற மாதிரி பார்க்கிறேன்.

போன வருஷம் அம்மா மாவிளக்கு போடணும்னு சொல்லி சங்கரன்கோயிலுக்குக் கூட்டிப் போனேன். சிவனும் விஷ்ணுவும் ஒரே உருவில் பாதிப்பாதியாய் நிற்கும் சங்கரநாராயணர் கோயில். அந்தக் கோலத்தைப் பார்க்க கோமதியம்மன் தவம் இருந்த கதையைத்தான் ஆடித்தபசாகக் கொண்டாடுறாங்க. இந்தக் கதையை மருந்துக்கும் கோயிலுக்கும் உவமையாக்க ஆசையாத்தான் இருக்கு. வேண்டாம்.

அம்மன் முன்னாடி அந்தச் சக்கரத்தில் நானும் உட்கார்ந்தேன். அருள் எதுவும் வரவில்லை. கார் பார்க்கிங் ஞாபகம்தான் முதலில் வந்தது. பின்னால் ஒரு குழந்தை அழ, இடம் விட்டு எழுந்துட்டேன். அம்மா கூட புற்று மண் வாங்கிட்டுத் திரும்பும்போதுதான் கவனிச்சேன், ஒரு மணி நேரமா போனை எடுக்கவே இல்லை.

போன மாசம் அந்த அம்மா வந்தாங்க. தனக்காக இல்லை, பேரனுக்குக் காய்ச்சல். முகத்தில் சதை பிடித்திருந்தது. நானே கேட்டேன், "எப்படிம்மா இருக்கீங்க? மாத்திரை?"

"நீங்க வஞ்சதுல இங்க வரல சார். தென்காசி பெரியாஸ்பத்திரில வாங்குனேன். இப்பம் நிப்பாட்டிட்டாங்க."

மாசாமாசம் ஒரு நாள் கூலியை விட்டுட்டு, பஸ் ஏறிப் போயிருக்காங்க. நான் ஒரு வார்த்தையை யோசித்துப் பேசியிருந்தால் நடந்தே வந்திருக்கலாம்.

"கோயிலுக்கு?"

"அதும் போனேன். மாத்திரைல தூக்கம் வந்துச்சு சார். அங்க போனா அழ முடிஞ்சுச்சு. வீட்ல புள்ளைக முன்னாடி எப்படி அழ?"

இதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. அவங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் இதுதான்: எங்க போனா அழ முடியுது? இப்போ மனச்சோர்வோடு வருகிற எல்லாரிடமும் கேட்கிறேன். சிலர் பள்ளிவாசல் என்கிறார்கள், ஒருத்தர் தோட்டத்துக் கிணற்றடி என்றார். எந்த இடமும் இல்லை என்று சொல்பவர்களைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை. அப்படிப்பட்டவங்க இதைப் படித்தால் 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். காதில் குரல் கேட்பது, சந்தேகம் மிஞ்சிப்போவது போன்ற அறிகுறி இருந்தால் நீண்ட தியானம் நிலைமையை மோசமாக்கலாம். முதலில் மனநல மருத்துவர்.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றேன்.

"அதுக்கென்ன சார். பேரனப் பாருங்க."

பேரனுக்கு 102 டிகிரி. சட்டையைத் தூக்கி ஸ்டெத் வைத்தேன். "மூச்சை இழுத்து விடு கண்ணு." அவன் இழுக்கவில்லை, என்னையே முறைத்தான். பாட்டிதான் பக்கத்தில் நின்று இழுத்துக் காட்டினாங்க. மூணு பேரும் விட்டோம். நெஞ்சில் சளி இல்லை. பாராசிட்டமால் எழுதி, மூணு நாளில் குறையலைன்னா ரத்தம் பார்க்கணும்னு சொல்லி அனுப்பினேன்.

மூணாம் நாள் வந்தாங்க. காய்ச்சல் இல்லை. ஒரு பை எலுமிச்சை.

பொது நல மருத்துவர்,
புளியங்குடி